வெளுத்துப்போன தங்கமீன்



சென்ற ஆண்டு முழுஆண்டுத் தேர்வு முடிந்த சித்திரை மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. குன்றக்குடி மலையின் நிழல் எங்கள் தெருவரை நீண்டு வந்திருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்தேன். எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி, எட்டாம் வகுப்பு முடித்தவள், இரு கைகளாலும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, தண்ணீர் தளும்பாதபடி அடிமேல் அடி வைத்து வந்தாள். கிண்ணத்தினுள் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. ஒன்று பழுத்த ஆரஞ்சுப் பழத்தின் நிறம். மற்றொன்றோ, பல முறை துவைத்து நிறம் போன காவித் துணியைப்போல் வெளிறிக் கிடந்தது.

"தாத்தா, கடையில் பார்த்தபோது இரண்டும் ஒரே நிறந்தான். வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரத்துக்குள் இது இப்படி ஆகிவிட்டது. அப்பா, நோய்பிடித்த மீனை நம் தலையில் கட்டிவிட்டார்கள், நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். மாமா, மருந்து ஊற்று என்கிறார்" என்றாள். அவளுடைய இடுப்புப் பையில் நீல மருந்துப் புட்டி ஒன்று இருந்தது.

"மூடியைத் திறக்காதே, அம்மா" என்றேன்.

நான் மீன் மருத்துவன் அல்லேன். அறிவியல் பாடம் சொல்லிக் கொடுத்துப் பின்னர்த் தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்றவன். ஆயினும் அந்தப் புட்டியை ஏன் திறக்கவேண்டாம் என்றேன் என்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், மீன் எவ்வாறு வெளுக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நமக்கு அச்சம் வந்தால் முகம் வெளிறுகிறது. தோலுக்கடியில் ஓடும் குருதி குறைவதால் அவ்வாறு தோன்றுகிறது. மீனுக்கும் அச்சத்தால் நிறம் வெளிறும். ஆனால் அங்கே நடப்பது வேறு. மீனின் தோலில் நிறத்தைத் தாங்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. கறுப்பு நிறத்துக்கு ஒரு வகை, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு வகைகள், வெள்ளியைப்போல் ஒளியைத் திருப்பியனுப்பும் தகடுகளைக்கொண்ட மற்றொரு வகை. நிறம் தாங்கும் உயிரணு, பல கைகளை நீட்டிய நட்சத்திரம் போன்றது. அதனுள்ளே நிறத் துகள்கள் உள்ளன. துகள்கள் கைகளின் நுனிவரை பரவி நின்றால் மீன் நிறம் செறிந்து காணப்படும். அத்துகள்களெல்லாம் நடுவே ஒரு புள்ளியாகக் கூடிவிட்டால் மீன் வெளுத்துவிடும். கோலப் பொடியை வாசல் முழுவதும் தூவினால் வாசலே வெண்மையாகத் தெரியும், அதே பொடியைக் கூட்டி ஓர் ஓரத்தில் குவித்தால் தரையின் நிறந்தான் தெரியும் அல்லவா? பொடி குறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதுபோலத்தான் இதுவும்.

இத்துகள்களைக் கூட்டவும் பரப்பவும் நரம்புகளும், குருதியில் கலந்துவரும் ஹார்மோன்களும் கட்டளையிடுகின்றன. நரம்பின் கட்டளை சில நிமிடங்களுக்குள்ளேயே நிறைவேறிவிடும். தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்னவரும், 1973இல் நோபெல் பரிசு பெற்றவருமான கார்ல் வான் பிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர், தேனீக்களிடம் செல்லுமுன் தம் இளமையில் ஆராய்ந்தது சிறு ஆற்று மீன்களின் நிறமாற்றத்தைத்தான். மீனுக்குக் கீழேயுள்ள தரை வெண்மையாயிருந்தால் மீனும் வெளுக்கும், தரை கருமையாயிருந்தால் மீனும் கறுக்கும். மேலிருந்து நோக்கும் பறவையின் கண்ணுக்குப் புலப்படாமல் தப்புவதற்கு இது உதவுகிறது. இரவில் உறங்கும்போதும் பல மீன்கள் வெளுத்துவிடுகின்றன. நியான் டெட்ரா என்னும் சிறு மீனை நள்ளிரவில் விளக்கேற்றிப் பார்த்தால், பகலில் ஒளிவிட்ட அதன் நீலக் கோடு மங்கிக் கிடக்கும். சற்று நேரத்தில் திரும்பிவரும்.

ஆகவே, "மீன் வெளுத்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "எவ்வளவு நேரத்தில் வெளுத்தது?" என்பதே. சில மணி நேரத்தில் வெளுத்ததானால் துகள்கள் இடம் மாறியிருக்கின்றன, மீன் எதையோ கண்டு அல்லது உணர்ந்து கலங்கியிருக்கிறது. பல வாரங்களில் சிறிது சிறிதாக வெளுத்ததானால் நிறப்பொருளே குறைந்திருக்கிறது, அதற்குக் காரணங்கள் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் மருந்துப் புட்டிகள் விலைபோகின்றன.

அந்தச் சிறுமியின் மீனை எடுத்துக்கொள்வோம். அது காரைக்குடிக் கடைக்கு எங்கிருந்து வந்திருக்கும்? நம் மாநிலத்தில் வண்ணமீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர்பெற்ற இடம் சென்னையின் கொளத்தூர்ப் பகுதி. வீட்டுக் கொல்லைகளிலும் மொட்டை மாடிகளிலுங்கூடச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் அங்கே உள்ளன. அத்தகைய ஓரிடத்திலிருந்து புறப்படும் மீன், பயணத்துக்கு முன் ஒன்றிரண்டு நாள் பட்டினி போடப்படும். வழியில் கழிவு குறையவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள், அது கொடுமையன்று. பிறகு பாலிதீன் பையில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு மூன்று பங்கு பிராணவாயுவும் அடைத்து, பையின் வாயைக் கட்டி, இரவோடிரவாக நானூறு கிலோமீட்டர் அனுப்புகிறார்கள். வந்து சேர்ந்ததும் வேறு தண்ணீர், வேறு வெப்பம், அறிமுகமற்ற கூட்டம். அங்கிருந்து மறுநாளே ஒரு வலை அதைத் துரத்திப் பிடித்து இன்னொரு பையில் போடுகிறது. அந்தப் பை, பிற்பகல் மூன்று மணி வெயிலில், நகரப் பேருந்தின் சன்னலோரத்தில், ஒரு சிறுமியின் மடியில் குலுங்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் வருகிறது. குன்றக்குடியில் அவளை வரவேற்கத் தம்பிமார் மூவர் காத்திருந்து, கிண்ணத்தைச் சுற்றி நின்று கண்ணாடியில் விரலால் தட்டியிருக்கிறார்கள். கிண்ணமோ வெள்ளைச் சலவைக்கல் பதித்த கூடத்தில், நாற்புறமும் ஒளி விழ, ஒளிந்துகொள்ள ஓர் இலைகூட இன்றி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த மீன் வெளுக்காமலிருந்தால்தான் வியப்பு!

"தண்ணீர் எது?" என்று கேட்டேன். ஆழ்குழாய்த் தண்ணீராம். முதல்நாளே வாளியில் பிடித்து வைத்திருந்தாளாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. ஆழ்குழாயிலிருந்து நேரே வரும் நீரில் பிராணவாயு மிகவும் குறைவாயிருக்கும். திறந்த வாளியில் ஓரிரவு நின்றால் காற்றிலிருந்து அதை ஏற்றுக்கொள்ளும். குழாய் நீராயின் வேறோர் ஆபத்து உண்டு. நமக்கு நோய் வராமலிருக்க அதில் குளோரின் கலக்கிறார்கள். நாம் அதைக் குடிக்கிறோம், நமக்குத் தீங்கில்லை. மீனோ அந்த நீரைத் தன் செவுள்களின் மெல்லிய இதழ்களுக்கிடையே ஓயாமல் செலுத்தி மூச்சு விடுகிறது. குளோரின் அவ்விதழ்களை அரித்துவிடும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். சோடியம் தயோசல்பேட் என்னும் பளிங்குப் பொருளைச் சிறிது கரைத்தால் உடனே நீங்கும். மீன் கடைகளில் அது மலிவாகக் கிடைக்கும். அது குளோரினை எவ்வாறு மாற்றுகிறது என்பதை உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள், நல்ல சமன்பாடு அது.

அன்று மாலை நான் அவளுக்குச் சொன்னவை மிகச் சில. கிண்ணத்தை மூடாமல், மூன்று பக்கமும் பழைய செய்தித்தாளைச் சுற்றி இருண்ட மூலையில் வை. இன்றிரவு இரை போடாதே. தம்பிகளை அண்டவிடாதே. காலையில் வந்து சொல். அவ்வளவுதான். அவள் முகத்தில் நிறைவில்லை. தாத்தா ஏதாவது செய்வார் என்று வந்தவளுக்கு, ஒன்றும் செய்யாதே என்று சொன்னால் எப்படி நிறைவு வரும்? "மருந்தை மட்டும் இரண்டு சொட்டு ஊற்றட்டுமா?" என்று வாசற்படியில் நின்று மறுபடியும் கேட்டாள். அப்பொழுதுதான் அந்தப் பழைய கதையை அவளுக்குச் சொன்னேன்.

1990களில் நான் ஓர் ஊரின் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்திருந்தேன். படிப்பில் நடுத்தரமானவன், பேச்சுக் குறைவு. பள்ளி தொடங்க அரைமணி நேரம் முன்னதாக வந்து, உள்ளங்கையில் இரையை வைத்து எண்ணி எண்ணிப் போடுவான். ஓராண்டுக்குமேல் அந்த மீன்கள் நலமாக இருந்தன. ஒரு சமயம் ஆய்வு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. தொட்டியின் கண்ணாடியில் பாசி படிந்திருந்தது, அடிமணலில் கசடு தெரிந்தது. எனக்கு அது அழுக்காகப்பட்டது. முதல்நாள் மாலை நானே முன்னின்று, நீரை முழுவதும் இறைக்கச் செய்து, மணலைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தி, காற்றுக்குழாயின் பஞ்சைச் சோப்பு நீரில் அலசி, பள்ளிக் குழாயில் புதிய தண்ணீர் பிடித்து நிரப்பினேன். தொட்டி பளிங்குபோல் விளங்கியது. மீன்களை உள்ளே விட்டுவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாட் காலையில் மீன்கள் வெளுத்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நண்பகலுக்குள் ஏழும் மிதந்தன. அதிகாரியின் எதிரே எனக்கு அவமானமாய்ப் போயிற்று. வகுப்புக்குள் சென்று, எல்லா மாணவர்களுக்கும் எதிரில், "அளவுக்கு மேல் இரை போட்டுக் கொன்றுவிட்டாய்" என்று அந்தப் பையனைக் கடிந்துகொண்டேன். பொறுப்பையும் பறித்துவிட்டேன். "நான் போடவில்லை, ஐயா" என்று ஒரே ஒரு முறை சொன்னான். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. அந்த ஆண்டு முடிவில் அவன் தந்தை வேலை தேடிக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட, அவனும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரம் பள்ளியின் மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, நிறைய பிளீச்சிங் பொடி போட்டிருந்தார்கள் என்று காவலாளி பேச்சுவாக்கில் சொன்னது சில நாள் கழித்துத்தான். நான் அழுக்கென்று எண்ணிக் கழுவியது அழுக்கே அன்று என்பதை அறிந்துகொள்ளவோ இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் கசடு என்ன? இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். மீன் வளர்ப்பின் உயிர்நாடியே இதுதான்.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றிலும் ஊருணியிலும் நீர் மிகுதி, மீன் குறைவு. ஆகையால் அது பரவிப் போகும். பத்து லிட்டர்த் தொட்டியில் அது எங்கே போகும்? தங்கமீன் தன் கழிவிலேயே நீந்த நேரும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது, சிறிய அளவில் மணமும் இராது. நீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் செவுள் வெந்து மீன் மூச்சுத் திணறும். இரக்கமுள்ள இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், குருதியைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்யும். அதையும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று, செடிகளுக்கு அது உணவு. இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதில்லை. மணலிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. நான் அன்று சோப்புப் போட்டு அலசியது அந்தப் படலத்தைத்தான். குளோரின் மட்டும் அந்த மீன்களைக் கொல்லாமல் விட்டிருந்தாலும், ஒரு வாரத்துக்குள் அம்மோனியா கொன்றிருக்கும்.

இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. 1850ஆம் ஆண்டளவில் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் ஒருவர், ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்துப் பார்த்தார். செடி பிராணவாயுவைத் தருகிறது, மீன் கரியமில வாயுவைத் தருகிறது, ஒன்றை ஒன்று வாழவைக்கின்றன என்பது அவர் எண்ணம். ஆனால் செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. அழுகல் இலைகளைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. வீட்டில் மீன் வளர்க்கும் கலைக்கு அடிகோலியவருள் அவரும் ஒருவர். ஆயினும் அவர் தொட்டியில் உழைத்த நான்காவது உயிரினத்தை அவர் அறியார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1890 அளவில், செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் இந்நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். மீன்தொட்டிகளில் இவற்றுள் எவ்வினம் முதன்மையாக வேலை செய்கிறது என்பதில் 1990களிலும் அதற்குப் பின்னரும்கூடப் புதிய செய்திகள் வந்திருக்கின்றன. எனவே 1990களின் ஓர் ஆசிரியன் அறியாமல் செய்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அறியாமல் தொட்டியைக் கழுவியதற்கு அது பொருந்தும். விசாரிக்காமல் பையனைக் கடிந்ததற்குப் பொருந்தாது.

புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிதாக மீன் வாங்குபவர்கள் பெரும்பாலோர் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குகிறார்கள். முதல் சில நாள் மீன் நன்றாயிருக்கிறது, பிறகு வெளுக்கிறது, மூலையில் ஒதுங்குகிறது, இறக்கிறது. "கடையில் ஏமாற்றிவிட்டார்கள்" என்று பழி கடைக்காரர்மேல் விழுகிறது. இடையில் மருந்து ஊற்றுபவர்களின் தொட்டி இன்னும் விரைவாகக் கெடுகிறது. அந்த நீல மருந்து, மெத்திலீன் ப்ளூ, பூசணத்துக்கு நல்லதுதான். ஆனால் வேண்டிய நுண்ணுயிரையும் அது விட்டுவைப்பதில்லை. சிறுமியின் கையைத் தடுத்ததற்குக் காரணம் இதுதான்.

மறுநாட் காலை ஆறு மணிக்கே அவள் வந்துவிட்டாள். மீன் முழு நிறம் பெறவில்லை. ஆனால் முதுகில் சிவப்பு ஊறியிருந்தது. செவுள் மூடிகள் சீராக அசைந்தன. துடுப்புகள் விரிந்திருந்தன. "வெளுத்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்காதே, இவற்றையும் பார்" என்று காட்டினேன். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடித்துக்கொள்வது, நீர்மட்டத்தில் வாய் வைத்துத் திணறுவது, உடலைக் கல்லில் உராய்வது, இரையைத் துப்புவது, உப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றுவது, இவற்றுள் ஒன்று வெளுப்போடு சேர்ந்து வந்தால் அப்போது கவலைப்படவேண்டும். வெண்புள்ளி நோய்க்குக் காரணமான நுண்ணுயிரி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தீண்டாது. முதிர்ந்து உதிர்ந்து, அடியில் தங்கிப் பல்கி, குஞ்சுகளாக நீரில் நீந்தி வரும் பருவத்தில்தான் மருந்துக்கு அகப்படும். ஒரு நாள் மருந்து போட்டு, புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடுபவர்களிடம் அது மறுபடியும் வருவது இதனால்தான். செவுளே வெளுத்திருந்தால் அது குருதிக் குறைவின் அடையாளம். அதைத் தோலின் வெளுப்போடு சேர்த்து எண்ணக்கூடாது.

அன்று அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். என் வீட்டுக் கொல்லையில் பல ஆண்டுகளாகச் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. கொசுப் புழுக்களைத் தின்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கப்பி மீன்களின் வழித்தோன்றல்கள் அதில் வாழ்கின்றன. அதன் அடியிலிருந்து இரண்டு கைப்பிடிச் சரளைக் கல்லை, வழுவழுப்புப் போகாமல், ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தேன். "இந்த அழுக்கையா தாத்தா போடச் சொல்கிறீர்கள்?" என்று மூக்கைச் சுளித்தாள். என் பழைய நாளை நினைத்துக்கொண்டேன்.

கிண்ணம் தங்கமீனுக்கு ஏற்றதன்று என்பதையும் அவள் தந்தையிடம் சொன்னேன். கையளவு வளர்ந்து, பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. மீன் ஒன்றுக்கு நாற்பது லிட்டராவது வேண்டும். கோடையில் அது இன்னும் இன்றியமையாதது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் செட்டிநாட்டுச் சித்திரையில் தொட்டி நீர் முப்பதைத் தாண்டும். அவர் முதலில் முணுமுணுத்தார். நாற்பது ரூபாய் மீனுக்கு இரண்டாயிரம் ரூபாய்த் தொட்டியா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு நாளில், வீட்டில் சும்மா கிடந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கழுவித் தாமே கொண்டுவந்து வைத்தார். கண்ணாடியாக இருக்கவேண்டும் என்று மீன் கேட்கவில்லையே!

அம்மோனியாவைக் கண்டறியும் சொட்டு மருந்து ஒன்றை வாங்கினோம். குழாயிலுள்ள நீரில் சொட்டினால் அம்மோனியா இல்லையேல் மஞ்சளாக இருக்கும், மிக மிகப் பச்சையாகும். நாள்தோறும் பார்த்துச் சிறுமி ஒரு குறிப்பேட்டில் வண்ணப் பென்சிலால் சிறு கட்டம் தீட்டிவந்தாள். நான்காம் நாள் இளம்பச்சை. உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினாள். புதிய நீர் பழைய நீரின் வெப்பத்திலேயே இருக்கவேண்டும் என்பதைக் கையை நனைத்துப் பார்த்து அறிந்தாள். இரையைப் பாதியாகக் குறைத்தாள். ஏழாம் நாள் மறுபடியும் பச்சை, மறுபடியும் நீர் மாற்றம். நைட்ரைட்டின் தொல்லையைக் குறைக்க லிட்டருக்கு ஒரு கிராம் அளவு கல்லுப்புக் கரைத்தோம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள்வழி புகுவதைத் தடுக்கும். எல்லா மீனும் உப்பைப் பொறுக்கும் என்று எண்ணவேண்டாம், தங்கமீன் பொறுக்கும். பதினெட்டாம் நாள் முதல் கட்டங்கள் எல்லாம் மஞ்சள். வெளுத்திருந்த மீன் எப்போது முழு நிறம் பெற்றது என்று அவளைக் கேட்டால், "மூன்றாம் நாளே வந்துவிட்டதே, தாத்தா" என்கிறாள். அதற்குப் பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்தது மீனின் நிறத்தை அன்று, குழாயின் நிறத்தை.

நாட்பட வெளுக்கும் வெளுப்பைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். மஞ்சளும் சிவப்புமான நிறப்பொருள்களில் பெரும்பகுதி கரோட்டின் இனத்தைச் சேர்ந்தவை. மீன் அவற்றைத் தன் உடலில் தானே ஆக்கிக்கொள்ளாது. பாசியிலிருந்தும், பாசியைத் தின்ற சிறு பூச்சி, இறால் முதலியவற்றிலிருந்தும் பெறவேண்டும். வெறும் பொரியையும் பிஸ்கட்டுத் தூளையும் போட்டு வளர்த்தால் நிறம் மங்கும். சுருள்பாசி, வேகவைத்த பச்சைப் பட்டாணி, சிறு நீர்ப்பூச்சிகள் கலந்தால் திரும்பும். ஒளியே படாத இடத்தில் வைத்தாலும் மங்கும்.

இன்னொரு வெளுப்பும் உண்டு, அதைச் சொல்லவே வருத்தமாயிருக்கிறது. நம் நாட்டுக் குளங்களிலேயே வாழும் கண்ணாடி மீன் என்னும் சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்குள் முள்ளெலும்பு தெரியும் அளவுக்குத் தெளிவானது. இயற்கை அதற்கு அளித்த அழகே அதுதான். அதற்கு ஊசியால் சாயம் ஏற்றி, பச்சை, இளஞ்சிவப்பு என்று விற்கும் வழக்கம் வாணிகத்தில் இருந்துவருகிறது. வாங்கியவர் வீட்டில் சில மாதங்களில் சாயம் கரைந்து மீன் "வெளுத்துவிடுகிறது." அதாவது தன் இயல்புக்குத் திரும்புகிறது. ஊசிபட்டவற்றுள் பல அந்த நாள்வரை வாழ்வதில்லை. அத்தகைய மீனைக் கடையில் கண்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடி மலையடிவாரத்தில், காவடிக் கூட்டத்தினிடையே, ஒருவர் வந்து என்னை வணங்கினார். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறாராம். மனைவியும் குழந்தையும் உடன் இருந்தனர். பெயரைச் சொன்னதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அங்கேயே, கூட்டத்தின் இரைச்சலில், பிளீச்சிங் பொடியையும் சோப்பையும் பற்றிச் சொல்லி, "உன்மேல் தவறில்லை, அப்பா. தவறு என்னுடையது" என்றேன். சிறிது நேரம் புரியாமல் விழித்தார். பிறகு சிரித்து, "மீன் எத்தனை, என்ன மீன் என்பதெல்லாம் எனக்கு நினைவேயில்லை, ஐயா. எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்களே, அது மட்டும் நினைவிருக்கிறது" என்றார். தம் குழந்தையின் கையைப் பிடித்து என் காலைத் தொடச் செய்தார். காவடிக் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

சிறுமியின் மீன்கள் இரண்டும் நலமாக இருக்கின்றன. ஆனால் ஒரு வேடிக்கை. சென்ற ஐப்பசியில் அவள் மறுபடியும் ஓடிவந்தாள். அன்று வெளுத்திருந்த மீன் இப்போது செக்கச் சிவந்திருக்கிறது. என்றும் வெளுக்காத மற்றொன்றுதான் அடிவயிற்றிலிருந்து மெல்ல மெல்ல வெளுக்கத் தொடங்கியிருந்தது. சென்று பார்த்தேன். துடுப்புகள் விரிந்து, இரைக்கு முந்திக்கொண்டு, வாட்டமின்றி இருந்தது. குழாயில் சொட்டினோம், மஞ்சள். தங்கமீன்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே இது விதித்தது. குஞ்சில் வெண்கல நிறமாயிருந்து, பின் பொன்னாகி, சில அதையும் கடந்து வெள்ளையாகிவிடும். நோயும் இல்லை, மருந்தும் இல்லை. நிறமூட்டும் இரை என்று கடையில் ஒன்று விற்கிறதே, வாங்கலாமா என்று அவள் தந்தை கேட்டார். பயனில்லை என்றேன்.

இப்போது அதன் உச்சந்தலையில் ஒரு குங்குமப் பொட்டளவுதான் சிவப்பு எஞ்சியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சிறுமி என் கொல்லைக்கு வந்து, தொட்டியில் மிதக்கும் பாசியில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போகிறாள். இரண்டில் வெள்ளையனுக்குத்தான் பசி அதிகமாம்.